சாரக்காட்டில் பார்க்க வேண்டியவை

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.
இடத்தின் பெயர், பேருந்து நிறுத்தத்திலிருந்து தூரம்,
வரலாற்றுச் சிறப்பு, சுற்றிப் பார்க்க ஆகும் நேரம்.
ஐந்து வரிசை. ஐந்தும் நிரம்ப வேண்டுமாம்.
ஏற்காட்டு ஏரியைச் சுற்றுகிற கூட்டத்தில் ஒரு பங்கை
எங்கள் பக்கம் திருப்பிவிடப் போகிறார்கள்,
மடை திருப்புகிற மாதிரி.

ஊராட்சி வண்டியில் பெட்ரோல் இல்லை.
நடந்தேன்.

முதலில் அருவி.
ஐப்பசியில் அது அருவி.
மாசியில் பாறைமேல் ஒரு கறுத்த கோடு,
தண்ணீர் வந்துபோனதற்கு வைத்த கைநாட்டு.
ஆகும் நேரம் என்ற இடத்தில்
'எட்டு மாதம் காத்திருக்கவும்' என்று எழுதி
அடித்தேன்.

அடுத்தது தோட்டத்துக் கல்லறை.
சில்வர் ஓக் வரிசைக்குள் இறங்கி
முசுறுக் கடி வாங்கிக்கொண்டு போனால்
ஒன்றரை முழம்தான், மொத்தமே.
பதினோரு மாதம் என்று வெட்டியிருக்கிறது, இங்கிலீசில்.
பெயரில் இரண்டெழுத்தைப் பாசி தின்றுவிட்டது.
கடைசிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெருமாயி
தன் மகனை அந்தக் கல்மேல்தான் கிடத்தியிருந்தாள்.
"சில்லுனு இருக்குதுங்க. இங்க போட்டா அழ மாட்டான்."
வரலாற்றுச் சிறப்பு?
பேனா மூடியைத் திறந்தால்கூட
விழித்துவிடுவான் போலிருந்தது.

மூன்றாவது, காட்சி முனை.
கீழே சேலம். சுண்ணாம்பு டப்பாவைக் கவிழ்த்தது போல
வெள்ளைக்கல் சுரங்கம். மரவட்டையாய் ஒரு ரயில்.
காட்சிக்காக இங்கே யாரும் வருவதில்லை.
இந்தப் பாறையில்தான் சிக்னல் எடுக்கும்.
அண்டியப்பன், முதுகைச் சேலத்துக்குக் காட்டி நின்று,
திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மனைவியிடம்
கத்திக்கொண்டிருந்தான்:
"இன்னும் ஈனலேங்கறேன். மடி இறங்கிருச்சு. ராத்திரிக்குள்ள ஈனிரும்."
அவன் பேசி முடிக்கும்வரை
நானும் சேலத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பிள்ளையார்.
நாலு பலகைக்கல், மேலே தகரம்.
உள்ளே பன்னிரண்டு பேர்.
தும்பிக்கை கிடையாது, தொந்தி கிடையாது,
உள்ளங்கை நீளத்தில் வழவழவென்று கருங்கல்,
ஒரு முனை மட்டும் கூர்.
ஏர்க்காலில் மாட்டியவை, மழை கழுவிக் காட்டியவை.
கல்லூரியிலிருந்து முன்பு ஒருவர் வந்தார்.
கோடாரி என்றார். நாலாயிரம் வருடம் என்றார்.
இரண்டை எடுத்துப் போகலாமா என்றும் கேட்டார்.
பூசாரி சடையன் யோசித்துவிட்டுச் சொன்னானாம்:
"கோடாரின்னா மரத்த வெட்டணும்ல?
எங்க, ஒண்ண வெட்டிக் காமிங்க, குடுக்கறேன்."

ஆளில்லாத நேரம். ஒன்றைக் கையில் எடுத்தேன்.
கட்டைவிரலுக்கென்று ஒரு சின்னப் பள்ளம்.
என் விரல் அதில் பதமாய் உட்கார்ந்தது.
இருட்டில் யாரோ கைகொடுத்தது மாதிரி
சட்டென்று வைத்துவிட்டேன்.
விபூதி ஒட்டிய விரலோடு
நாலாவது வரிசையில் 'இயற்கை எழில்' என்று எழுதினேன்.
ஐந்தாவதில், மேற்படி.

ஐப்பசியில் பலகை வந்தது. பச்சை வண்ணம், பெரிய அம்பு.
ஊர்ப்பெயரில் எழுத்து கூடிப்போய்
சாராயக்காடு.
அந்த வாரமே இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து
விசாரித்து, கடிந்துகொண்டு, திரும்பினார்கள்.
மனுக் கொடுத்திருக்கிறேன்.
அதற்குள் காட்டெருமை ஒன்று இரவில் முதுகு சொறிந்ததில்
கம்பம் அரைவட்டம் திரும்பிவிட்டது.

இன்று காலை தருமபுரி வண்டியில் ஒரு குடும்பம்.
அம்பு காட்டிய பக்கம் பார்த்து நின்றார்கள்.
அங்கே அறுப்புக்கு நிற்கும் சாமைக் கொல்லை,
ஓரத்தில் அண்டியப்பனின் கன்று,
பனி விலகியும் விலகாமலும்.
"இதுதானா?" என்றது பிள்ளை.
"இதுதான் போலிருக்கு" என்றார் அப்பா.
போன் எல்லாம் வெளியே வந்தது. பிறகு உள்ளே போனது.

அலுவலக ஜன்னலிலிருந்து கடிகாரம் பார்த்தேன்.
ஆகும் நேரம்:
பதினேழு நிமிடம்.